ராயக்கோட்டைப் படத்தை வரைந்தது யார்? மெக்கன்சி சேர்த்த காட்சிப் படங்கள் பற்றி

நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: ராயக்கோட்டை மலைக்கோட்டையின் பழைய வண்ணப்படம் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. அடியில் 'ரயகோட்டா, பாராமால்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். சிலர் "மெக்கன்சி தொகுப்பு" என்கிறார்கள், சிலர் "டேனியல்" என்கிறார்கள். மெக்கன்சி ஓவியரா? இந்த மாதிரிப் படங்களெல்லாம் எங்கே இருக்கின்றன? இவற்றை வைத்து ஊர் வரலாறு எழுதலாமா?

முதல் சிக்கல் சுலபமானது. தலைப்பு அச்செழுத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது மெக்கன்சி தொகுப்பில் இருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெக்கன்சி சேர்த்தவை கையால் வரைந்த ஒற்றைப் படங்கள். பென்சில், மை, நீர்வண்ணம். தலைப்பும் கையெழுத்தில்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் வெளியிட்ட அச்சுப் படங்களில் ஒன்று, அல்லது அதன் பின்னாள் நகல். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி, பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்), திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமை என்று சுற்றி, ராமேசுவரம், தஞ்சை, திருச்சி வழியாக 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். அப்புறம் லண்டன் போய் 1795 முதல் 1808 வரை 144 படங்களை அக்வாடின்ட் முறையில் அச்சிட்டார்கள். செப்புத்தகட்டில் குங்கிலியத் தூளைப் படியவிட்டு அமிலத்தில் அரிக்க வைத்து, மேகம், நிழல், பாறை எல்லாவற்றுக்கும் சாயல் கொண்டுவரும் முறை அது. அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரே படம் பல பிரதிகளாக உலகம் சுற்றியது இப்படித்தான்.

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் வைத்துப் பாருங்கள். வானத்தில் ஒழுங்கான சின்னச் சின்னப் புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது நம் காலத்து அச்சு. ஒழுங்கில்லாத மணல்போன்ற துகள்கள் தெரிந்து, படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இனி மெக்கன்சி. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியில் சுவையான பகுதி இதுதான்.

காலின் மெக்கன்சி ஓவியர் அல்ல, நில அளவையாளர். ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்ற துறைமுக ஊரில் 1754 வாக்கில் பிறந்தவர். அங்கே சுங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, முப்பதை நெருங்கும் வயதில், 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வந்த காரணங்களில் ஒன்று விநோதமானது. மடக்கைக் கணிதத்தைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத அவருடைய வம்சத்துப் பிரபு ஒருவர் ஆசைப்பட்டார். இந்துக்களின் கணிதம் பற்றித் தகவல் வேண்டும் என்று அந்த வேலையில் மெக்கன்சியை இழுத்துவிட்டார். அந்தப் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கணவர் ஜான்ஸ்டனோடு மதுரையில் இருந்தார். மெக்கன்சி அங்கே தங்கி, ஊர்ப் பண்டிதர்களைச் சந்தித்துப் பேசினார். சேகரிக்கும் பைத்தியம் அவருக்கு மதுரையில் பிடித்தது என்றே சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்துத் திருமலை நாயக்கர் அரண்மனையைப் பழுதுபார்க்க உத்தரவிட்ட சென்னை ஆளுநரும் நேப்பியர் வம்சத்தவரே.

மெக்கன்சி மூன்றாம் மைசூர்ப் போரில் இருந்தார், 1799இல் சீரங்கப்பட்டண முற்றுகையிலும் இருந்தார். திப்பு வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. அது 1810 வரை நீடித்தது. நாற்பதாயிரம் சதுர மைலுக்கு மேல். பிறகு ஜாவா. 1815இல் இந்தியா முழுமைக்குமான முதல் சர்வேயர் ஜெனரல். 1821 மே 8ஆம் தேதி இறந்தார். கல்கத்தா தெற்குப் பார்க் தெருக் கல்லறையில் அடக்கம்.

போன இடத்திலெல்லாம் அளப்பதோடு நிறுத்தவில்லை. ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, நாணயம், ஊர்க் கைபீது (ஊரார் சொல்லக் கேட்டு எழுதிய ஊர் வரலாறு), சிற்பம், படம் என்று அனைத்தையும் வாங்கினார், எழுதி வாங்கினார், வரைந்து வாங்கினார். கம்பெனி இதற்கெல்லாம் தாராளமாகக் காசு கொடுக்கவில்லை. ஆள் வைத்ததும் சன்மானம் கொடுத்ததும் பெரும்பாலும் அவர் சம்பளத்திலிருந்துதான். அதனால்தான் இதைத் தனியார் தொகுப்பு என்கிறோம். அரசாங்க அளவைக்குப் போன அதிகாரியின் சொந்தச் சொத்து. இன்றைக்கு ஒரு அதிகாரி இப்படிச் செய்தால் விசாரணை வந்துவிடும். அன்று அது வழக்கம்.

அவர் இறந்த பிறகு மனைவி பெட்ரொனெல்லாவிடமிருந்து கம்பெனி அத்தனையையும் 10,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. சமஸ்கிருத அறிஞர் ஹெச்.ஹெச். வில்சன் 1828இல் போட்ட பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுகள் 8,076, நாணயங்கள் 6,218. படங்கள் 2,630.

நம் ஆட்கள் மெக்கன்சி என்றாலே சுவடி, கைபீது என்றுதான் நினைக்கிறார்கள். அது நியாயம்தான், அவை சென்னையிலேயே அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன; தமிழில் பதிப்பித்தும் இருக்கிறார்கள். படங்கள் கப்பலேறி லண்டன் போய்விட்டதால் பேச்சிலிருந்தே விழுந்துவிட்டன. ஒரே ஊரில் ஒரே சமயத்தில் எழுதிய கைபீது ஒரு கண்டத்திலும் வரைந்த மலை இன்னொரு கண்டத்திலும் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் மிகச் சிலர்.

சரி, அந்த 2,630 படங்களை வரைந்தது யார்?

மெக்கன்சியும் கொஞ்சம் வரைந்தார். மற்ற ராணுவ அதிகாரிகளின் படங்களையும் கேட்டு வாங்கினார். ஆனால் பெரும்பகுதி வேலை செய்தவர்கள் பையன்கள். 1794இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோடு சேர்த்து மைக்கேல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இங்குள்ள பெண்களிடம் பிறந்து, அநாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்களை அங்கே சேர்த்து, கணக்கும் அளவையும் வரைபடம் வரைவதும் சொல்லிக்கொடுத்து, தேர்ந்தவர்களைக் களத்துக்கு அனுப்பினார்கள். பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்டு அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். பின்னாளில் கானர் என்ற இன்னொரு அளவையாளருடன் சேர்ந்து திருவாங்கூரையும் கொச்சியையும் அளந்து பெயர் வாங்கினார். ஹாமில்டன், மஸ்டி, நியூமன் என்று இன்னும் சில பெயர்கள் படங்களின் ஓரத்தில் தென்படும். அதற்குமேல் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ச்சலிலும் காட்டிலும் வருடக்கணக்கில் அலைந்த இந்தப் பையன்கள் பகலில் கோணம் எடுத்தார்கள், மிச்ச நேரத்தில் கோயிலையும் குன்றையும் வரைந்தார்கள். ஓவியப் பள்ளிப் பயிற்சி கிடையாது. வரைபடக்காரன் கை. அதனால் மனிதர்கள் கொஞ்சம் பொம்மை மாதிரி நிற்பார்கள். ஆனால் மதில் எங்கே திரும்புகிறது, குளத்துக்கு எந்தப் பக்கம் படிக்கட்டு என்பதில் கை நடுங்காது. என் கண்ணுக்கு டேனியல்களின் மேகங்களைவிட இவர்களின் மதில்கள் மதிப்பு அதிகம்.

வரையாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊருக்குள் போய்ப் பேசி வழி ஏற்படுத்தியவர்கள் மெக்கன்சியிடம் வேலை பார்த்த காவலி சகோதரர்கள். மூத்தவர் போரையா 1803இல் இளம்வயதிலேயே இறந்தார். இந்திய அறிவின் வாசலுக்குள் தன்னை நுழைய வைத்தவர் அவர்தான் என்ற பொருளில் மெக்கன்சியே எழுதியிருக்கிறார். மெக்கன்சிக்கு நம் மொழிகள் சரியாக வராது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அடுத்தவர் லட்சுமையா 1803இல் மாமல்லபுரம் போய் விவரம் திரட்டினார். மெக்கன்சி மறைந்தபின், அந்த வேலையைத் தானே தொடர்ந்து நடத்துகிறேன் என்று லட்சுமையா கேட்டார். 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் இருந்த கல்கத்தா ஆசியக் கழகக் குழு, அவ்வளவு பெரிய காரியத்துக்கு இவர் போதாது என்று கைவிரித்துவிட்டது. தொகுப்பின் பாதி மூளை அவர்கள் வீட்டுடையது. பெயர் மட்டும் மெக்கன்சியுடையது.

இந்த உறவை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் தாமஸ் ஹிக்கி 1816இல் சென்னையில் வரைந்த மெக்கன்சி உருவப்படத்தைத் தேடிப் பாருங்கள். நடுவில் சிவப்பு ராணுவ உடுப்பில் நெட்டையாக மெக்கன்சி. சுற்றிலும் மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, அவர் பணியாள் கிஸ்னாஜி என்கிறார்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, அவர் தர்மையா என்ற சமணப் பண்டிதர். மூன்றாமவர் லட்சுமையா என்று கருதுகிறார்கள். பின்னணியில் குன்றின்மேல் கோமடேசுவரர் சிலை. இன்னும் உற்றுப் பார்த்தால் மூங்கில் கம்பத்தின் நுனியில் ஒரு கூடை தெரியும். அளவைக்காரர்கள் தூரத்திலிருந்து குறி பார்க்க நட்ட கம்பம் அது.

அந்தக் கூடையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நம்பலாமா என்ற உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

எந்தக் காட்சிப் படத்தையும் எடுத்த உடனே, வரைந்தவன் எங்கே நின்றான், அவனை அங்கே அனுப்பியது யார் என்று கேட்க வேண்டும். மெக்கன்சியின் பையன்கள் அளவைக்குப் போன இடத்தில்தான் படம் உண்டு. அளவைக்கு உயரம் வேண்டும், தூரத்திலிருந்து தெரிகிற குறி வேண்டும். ஆகவே குன்று, கோட்டை, கோபுரம், ஆற்றுத்துறை, பாதை. சேரியும் தறிக்கூடமும் களத்துமேடும் அந்தக் குறியில் விழாது. அவை இல்லாததால் அப்போது ஊர் வெறுமையாக இருந்தது என்று எழுதிவிடக் கூடாது.

உங்கள் ராயக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1791 ஜூலையில் மேஜர் கவுடி தலைமையில் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி பாராமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகள் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறின. டேனியல்கள் சென்னையை விட்டுக் கிளம்பியது ஏப்ரலில். மை காயவில்லை! லண்டனில் செய்தித்தாள் படித்தவர்கள் வாயில் ஒசூர், ராயக்கோட்டை என்று இந்தப் பெயர்கள் அப்போது சூடாக இருந்தன. படத்துக்குச் சந்தை இருந்தது. ராபர்ட் ஹோம், கோல்புரூக், அலெக்சாண்டர் ஆலன் என்று அதே இரண்டு மூன்று வருடத்தில் மைசூர்ப் போர்க்களக் காட்சிகளை வெளியிட்டவர்கள் ஒரு பட்டாளமே உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டக் குன்றுகளுக்கு இவ்வளவு பழைய படங்கள் கிடைக்க, அவற்றின் அழகு மட்டும் காரணமில்லை.

அடுத்து, தலைப்பை அப்படியே நம்பக் கூடாது. டேனியல்களின் படங்களில் 'கன்னியாகுமரி முனை' என்று ஒன்று உண்டு. கடலும் பாறையும் இருக்கும் என்று எடுத்துப் பார்த்தால் படத்தை நிறைத்து நிற்பது மலை. தலைப்பை முழுக்கப் படித்தால் 'களக்காட்டுக்கு அருகிலிருந்து எடுத்தது' என்று இருக்கும். களக்காடு எங்கே, குமரிமுனை எங்கே! மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத்தான் அவர்கள் முனை என்று கருதினார்கள். பொய் சொல்லவில்லை, ஆனால் தலைப்பின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் பக்கம் அந்த மலையைத் தேடினால் நாம்தான் முட்டாளாவோம்.

மூன்றாவது சங்கதி நகல். மெக்கன்சியின் கூடாரத்தில் நகலெடுப்பது அன்றாட வேலை. இருபது வருடத்துக்கு முன் வேறொருவர் போட்ட கிறுக்கலை ஒரு பையன் 1816இல் உட்கார்ந்து அழகாக வரைந்துவைத்திருப்பான். ஓரத்தில் இருக்கும் தேதி நகலெடுத்த தேதியா, பார்த்த தேதியா என்பது படத்துக்குப் படம் மாறும். 1816இல் கோட்டை வாசல் முழுசாக இருந்தது என்று எழுதுவதற்குமுன் இதைக் கவனியுங்கள்.

முன்புறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ரசனைப்படி ஓரத்தில் ஒரு இருண்ட மரம், அடியில் இரண்டு மூன்று ஆட்கள், நடுவில் கட்டடம், தூரத்தில் மங்கலாக மலை. இது அன்றைய வாடிக்கையான அமைப்பு. டேனியல்கள் வெளிக்கோட்டுக்குக் கேமரா அப்ஸ்கூரா என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். லென்ஸ் வழியாக விழுகிற பிம்பத்தின் மேலேயே கோடு போட்டுக்கொள்ளும் பெட்டி அது. ஆகவே மலையின் விளிம்பை நம்பலாம். மரத்தையும் ஆட்டுமந்தையையும் லண்டனில் உட்கார்ந்து சேர்த்திருக்கவும் கூடும். நான் ஒருமுறை இப்படி ஒரு மலைக்கோட்டைப் படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் வெயிலில் சுற்றினேன். கடைசியில் ஒரு ஏரிக்கரையில் நின்றபோது பாறையின் இரண்டு திமில்களும் படத்தில் உள்ளதுபோலவே ஒன்றின்பின் ஒன்றாக வந்து பொருந்தின. முன்புறத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மலை நம்ம மலைதான், மரம் வேற யார் ஊரு மரமோ" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் இந்தப் படங்கள் ஏன் வேண்டும் என்றால், அமராவதியைச் சொல்வேன். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்தப் பெரிய பௌத்தத் தூபியை மெக்கன்சி 1790களின் கடைசியில் முதலில் பார்த்தார். ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடுவின் ஆட்கள் கட்டடத்துக்குக் கல் வேண்டி மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1816இல் தன் ஆட்களோடு திரும்பி வந்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாகிவிட்டிருந்தது. அப்போதும் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலும் மிச்சமிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக வரைந்தார்கள், எது எங்கே கிடந்தது என்று தளப்படமும் போட்டார்கள். அதற்கப்புறம் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டினார். கற்கள் லண்டனுக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் சிதறின. வழியில் தொலைந்தவை எத்தனையோ. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிப் பலகைகள் முன்னால் நின்று, தூபி எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர் யோசித்தால், அந்த யோசனைக்கு அடிப்படை மெக்கன்சியின் பையன்கள் போட்ட கோடுகள்தாம். கல் போனபின் காகிதம் மட்டும் மிஞ்சிய இடங்கள் இப்படி நிறைய.

தமிழ்நாட்டுக்குள் மதுரை அரண்மனை. டேனியல்கள் பார்த்தது இடிபாடு. நாம் பார்ப்பது 1860களுக்குப் பிறகு பழுதுபார்த்த ஒரு பகுதி மட்டும். இடையில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படங்களைப் பார்க்காமல் வழியில்லை. பாபநாசம் அருவியையும் அவர்கள் வரைந்திருக்கிறார்கள், மேலே அணை வருவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னால், தண்ணீர் தன் இஷ்டத்துக்கு விழுந்துகொண்டிருந்த காலத்தில்.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் இப்படிச் சேர்த்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சை இரண்டாம் சரபோஜி 1820 வாக்கில் காசி யாத்திரை போனபோது கங்கைக் கரைப் படித்துறைகளை வண்ணத்தில் வரைய வைத்தார். 64 படித்துறைகள். சரசுவதி மகாலில் இருக்கின்றன. மெக்கன்சி அளக்கப் போன இடத்தைச் சேர்த்தார், சரபோஜி தீர்த்தமாடப் போன இடத்தைச் சேர்த்தார். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

எங்கே தேடுவது? மெக்கன்சி படங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின்மீது நடந்த இணையத் தாக்குதலில் பழைய சுட்டிகள் பல செத்துப்போயின. கிடைக்கவில்லை என்றால் படம் இல்லை என்று அர்த்தமில்லை. பொதுவாக 'டபிள்யூ.டி.' என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்கே எழுதிக் கேட்கலாம். டேனியல்களுக்குக் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபம்தான் பெரிய இடம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் அவர்களின் அச்சுப் படங்கள் சில உண்டு.

தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. 'ட்ரூக்' என்று முடிந்தால் துர்க்கம். 'ஊசூர்' நம் ஒசூர். 'பப்பனாசம்' பாபநாசம். 'ட்ரெமல் நாயிக் சவுல்ட்ரி' என்று இருப்பது மதுரைப் புதுமண்டபம். 'பகோடா' என்றால் கோயில், சில சமயம் நாணயம். வாய்விட்டு ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள், பாதி ஊர்கள் தானாகப் பிடிபடும்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். ஊர் வரலாற்றில் தாராளமாகப் போடுங்கள். அடியில் டேனியல், பார்த்த ஆண்டு 1792 என்று எழுதுங்கள், அச்சான ஆண்டைத் தனியாகக் குறியுங்கள். மதில் வரிசையையும் மலை விளிம்பையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்களின் உடையையும் மரத்தையும் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு காலை வேளையில் படத்தை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி நடந்து, விளிம்பு எந்த இடத்தில் பொருந்துகிறது என்று பாருங்கள். அந்த இடம் கிடைத்தால் அங்கிருந்து ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.